சிவப்பு வளையம் போட்ட பல்பு

மார்ச் 3, செவ்வாய்

மச்சானுக்கு,

ஆற்றுப் பாலத்தின் மூன்றாவது தூண் இறங்கிப்போய் ஏழு மாதம் ஊரே படகில் போய் வந்ததே, அந்த வருஷம். ரயில் நிலையக் கடிகாரம் நாலு பத்தில் நின்றுபோய், எந்த ரயிலில் வந்தவனைக் கேட்டாலும் "நாலு பத்துக்கு வந்தேன்" என்று கேலி பேசிக்கொண்டிருந்த வருஷம். மின்சாரம் பத்தாமல் கடையெல்லாம் ஆறு மணிக்கே கதவைச் சாத்தியதும் அப்போதுதான். நம் தொழிற்சாலையில் மஞ்சள் பல்பையெல்லாம் கழட்டிவிட்டு டியூப் லைட் மாட்டச் சொன்னார்கள். மாட்டியவன் நான். அதே வருஷம், ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு, லேத்தில் உங்கள் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. எனக்கு எழுத்துத்தான் தெரியாது. நாள் கிழமை தப்பாது.

இதை எழுதுகிறவர் எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் நான் ஒரு முழம் பேசினால் அரை முழத்தை உள்ளே மடித்துத் தைத்துவிடுகிறார். சொன்னதைச் சொன்னபடி எழுதும் ஐயா என்று மூன்று தரம் சொல்லியாயிற்று. போன் போட்டால் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை வைத்தாலும் வைத்த இடத்தில் கிடக்கும். என்றைக்காவது எடுத்துப் பார்ப்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். விளக்குக் கடைக்காரரை நேற்று வழியில் பார்த்தேன். "உங்க மக பட்டறைக்கு நாப்பது எல்.இ.டி. சொல்லியிருக்காங்க பெரியவரே. இருக்கறதுலேயே மலிவு. இருபத்தெட்டாம் தேதி மாட்டறாங்க. லேத்துக்கு மேல இருக்கற பழைய மஞ்சள் பல்பையும் கழட்டிடறாங்களாம்" என்றார். மகள் என்னுடையவள். பட்டறை உங்களுடையது. இருபத்தைந்து வருஷமாக அவள் இருப்பதும் உங்களிடம். என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

எல்.இ.டி. வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா. அறுபது வாட் மஞ்சள் பல்பு தருகிற வெளிச்சத்தை அது எட்டு ஒன்பது வாட்டில் தந்துவிடும். ஆனால் மட்டமான விளக்கு சிமிட்டும். நம் கண்ணுக்கே தெரியாமல் நொடிக்கு நூறு தரம் மங்கி மங்கி எரியும். அன்றைக்கு அந்த டியூப் லைட் செய்ததும் அதுதானே. சுற்றுகிற லேத்தை நிற்கிற மாதிரிக் காட்டியது. மஞ்சள் பல்பு கம்பிச் சூட்டில் எரிகிறது, அது அப்படிச் சட்டென்று மங்காது. அதனால்தான் சுற்றுகிற மிஷின் ஒவ்வொன்றின் மேலேயும் ஒரு மஞ்சள் பல்பு எரிந்தே ஆகவேண்டும் என்று நம் மேஸ்திரி சட்டம் போட்டிருந்தார். அந்தப் பல்புகளின் பித்தளைக் கழுத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வளையம். வளையம் போட்டதை யாரும் தொடக்கூடாது. உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லணுமா.

அவளை மாட்ட விடாதீர்கள். நான் சொன்னதாகச் சொல்லவும் சொல்லாதீர்கள். சொன்னால் அன்றைக்கே ஏணி போட்டுவிடுவாள்.

உங்கள் தங்கச்சி இருந்திருந்தால் இதை அவளே சொல்லியிருப்பாள். ஆறு வருஷம் ஆயிற்று. போகட்டும். பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
விளக்குக்காரன்


மார்ச் 9, திங்கள்

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று விரலால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும். உங்கள் தையல்காரர் சமாளித்துப் படித்துக்கொள்ளட்டும்.

பாலம், கடிகாரம் என்று அந்த வருஷத்துக்கு அடையாளம் அடுக்கியிருக்கிறீர்கள். ஒன்று விட்டுப்போயிற்று. அந்த வியாழனுக்குப் பத்தாம் நாள் விசாரணை நடந்தது. லேத்துக்கு மேலே இருந்த வளையப் பல்பைக் காணோமே, யார் கழட்டியது என்று கேட்டார்கள். "கண்ணு கூசுதுன்னு லேத்துக்காரரே கழட்டியிருப்பாரு" என்று விளக்குக்காரர் சொன்னார். கைநாட்டும் வைத்தார். எல்லாம் என் கவனக்குறைவு என்று எழுதி என்னை வெளியே அனுப்பினார்கள். இவ்வளவு ஞாபகசக்தி உள்ள உங்களுக்கு இது மட்டும் எப்படி நழுவியது?

உங்கள் மகளை நான் கூப்பிடவில்லை. வீட்டுப் பத்திரத்தைத் தேடிக் கொடு என்று காகிதக் கட்டை அவளிடம் கொடுத்தவர் நீங்கள். எது எந்தக் காகிதம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தீர்கள். விசாரணைக் காகிதம் மேலாகவே இருந்திருக்கிறது. படித்தாள். மறுநாள் பஸ் ஏறினாள்.

இன்றைக்கு அவளுக்கு ஐம்பத்தொரு வயது. பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்குகிறாள். பட்டறை என் பெயரில் இருக்கிறது, முதலாளி அவள்தான். "இருட்டுல தடவினது போதும் மாமா" என்கிறாள். விளக்கு விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்டு நான் பட்டதும் போதும்.

இருபத்தெட்டாம் தேதி மாட்டுகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.


மார்ச் 12, வியாழன்

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தையல்காரர் பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சத்தமாப் படிங்க, எனக்குக் காது மந்தம்" என்றேன். தெருவே கேட்கிற மாதிரிப் படித்தார். கேட்கட்டும்.

இன்னும் பதினாறு நாள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுவிட்சைப் போடுகிறேன், அணைக்கிறேன், மறுபடியும் போடுகிறேன். "பெரியவரே, விளக்கு பாவம்" என்கிறார் தையல்காரர்.

என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் செய்யுங்கள். பளபளப்பான ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, வந்திருக்கிற புது விளக்கு ஒன்றை மட்டும் போட்டு, அதன் கீழே கரண்டியை வேகமாக இப்படியும் அப்படியும் வீசிப் பாருங்கள். விளக்கு யோக்கியமாக இருந்தால் கரண்டி இழுத்துப் பூசின மாதிரி ஒரே பட்டையாகத் தெரியும். சிமிட்டுகிற விளக்காக இருந்தால் பத்துக் கரண்டி தனித்தனியாக நிற்கும். படிப்பு வேண்டாம், மீட்டர் வேண்டாம், கரண்டி போதும்.

இந்தத் தையல்காரர் கடையில் வீசிப் பார்த்தோம். ஒன்பது கரண்டி நின்றது! மனுஷனுக்கு முகம் விழுந்துவிட்டது. சிமிட்டல் போக இன்னொரு கோளாறும் அதில் இருந்தது. போன மாதம் ஒரு வாத்தியாரின் கறுப்புக் கால்சட்டைக்குக் கருநீல நூலில் தைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த வெளுத்த வெளிச்சத்தில் இரண்டு நூலும் ஒன்றாகத்தான் தெரிந்ததாம். வாத்தியார் வெயிலில் நின்று சண்டை போட்டுவிட்டுப் போனார். இப்போது வேறு விளக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நிறம் பார்க்கிற வேலைக்கு ஒரு விளக்கு, மிஷினுக்கு ஒரு விளக்கு, சும்மா நடந்து போகிற வழிக்கு ஒரு விளக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே மலிவு விளக்கு என்று நாற்பது வாங்கினால் எப்படி? வாட்டைப் பார்த்து வாங்கக் கூடாது, எவ்வளவு வெளிச்சம் என்று அட்டைப்பெட்டியில் வேறொரு எண் போட்டிருக்குமாம், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் வைத்தால் கனம் வேண்டும். சூடு இறங்க உலோகம் வைத்திருந்தால்தான் கனக்கும். காகிதம் மாதிரி இருந்தால் ஒரு வருஷம் தாங்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வளையப் பல்பு. விசாரணையில் நான் சொன்னேனே, அதைப் பற்றி.

நாளைக்குச் சொல்கிறேன். கடைக்கு ஆள் வந்துவிட்டது.

(பெரியவர் என்னைப் போகச் சொல்லிவிட்டார். கடைக்கு யாரும் வரவில்லை. ஒரு வாரமாக அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தையல்காரன்.)


மார்ச் 19, வியாழன்

மாப்ளே,

கரண்டி வீசினேன். பதினொன்று.

உன் மகள் உழக்கு சிரித்தாள். "என்ன மாமா, எண்பத்தி நாலு வயசுல வித்தை காட்டறீங்க?" என்றாள். நானும் விடவில்லை. அந்த விளக்கு ஒன்றைச் சின்ன லேத்துக்கு மேலே மாட்டச் சொன்னேன். மஞ்சள் பல்பை அணைக்கச் சொன்னேன். இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற நாலு தாடைச் சக்கில் ஒரு தாடைக்குச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு ஓடவிட்டேன். பெரிய லேத், ரம்பம், கிரைண்டர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, அந்த இரைச்சலில் இது ஓடுகிறதா இல்லையா என்று காதுக்குத் தெரியாது. வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றினேன். ஒரு இடத்தில் நின்றது. தாடை நாலும் அப்படியே, செதுக்கி வைத்த மாதிரி.

"மாமா, இது நிக்குது" என்றாள். சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

ஓடவிட்டதை அவள் கண்ணால் பார்த்தவள். தெரிந்தே கை போகிறது பார். ஒரு சாண் தூரத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். மூன்று விரலால் பிடித்தேன், இன்னும் அவள் கையில் தடம் இருக்கிறது.

மிஷினை நிறுத்தினாள். பிறகு கேட்டாள். "மேல மஞ்சள் பல்பு இருந்திருந்தா இப்படித் தெரியாது இல்ல?"

"தெரியாது."

"நிஜமாவே நீங்கதான் அதைக் கழட்டினீங்களா மாமா?"

"இல்லை."

"அப்ப யாரு?"

தெரிந்தவனைக் கேள் என்று சொல்லிவிட்டேன். அன்றையிலிருந்து என்னிடமும் பேச்சைக் குறைத்துவிட்டாள். நாற்பதையும் கடைக்கே திருப்பி அனுப்பினாள். எல்.இ.டி.யே வேண்டாம், பட்டறை முழுக்க மஞ்சள் பல்பே தொங்கட்டும் என்கிறாள். உன் மகள்தான், சந்தேகமில்லை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத்தான் தாவுவாள்.

நீ சொல்ல வந்து சொல்லாமல் விட்டதை நான் முடிக்கிறேன். விசாரணைக்கு முதல் நாள், கைக்கட்டோடு குழந்தையைப் பார்க்க உன் வீட்டுக்கு வந்தேன். குழந்தை கிடந்த பெட்டிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த பல்பைப் பார்த்தேன். கழுத்தில் சிவப்பு வளையம். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். தங்கச்சி மட்டும் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்தாள். மறுநாள் நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே வந்து அதைக் கழட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அதனால் சும்மா இருந்தேன்.

விரலை நான் என்றைக்கோ மறந்தாயிற்று. நானும் வாயை மூடிக்கொண்டேன், நீயும் மூடிக்கொண்டிருக்கலாம். என் பெயரைச் சொன்னாயே மாப்ளே!

அவளுக்கு நான் சொல்லமாட்டேன். ஐம்பத்தொரு வருஷம் சொல்லாததை இப்போது நான் ஏன் சொல்ல வேண்டும்? நீ சொல். இல்லையென்றால் அவள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.


மார்ச் 23, திங்கள்

மச்சானுக்கு,

போன கடிதத்தில் என்னை "நீ" என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மட்டும் தையல்காரரை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். பிறகு முழுவதையும் மறுபடி படிக்கச் சொன்னேன். நீங்கள் பார்த்தது எனக்குத் தெரியாது. ஐம்பத்தொரு வருஷமாகத் தெரியாது. உங்கள் தங்கச்சியும் என்னிடம் சொல்லாமலே போய்விட்டாள்.

முதலில் விளக்கு. பட்டறை முழுக்க மஞ்சள் பல்பு வேண்டவே வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். அது விளக்கே இல்லை, அடுப்பு. நூறு பங்கு மின்சாரத்தை வாங்கி அஞ்சு பங்கை வெளிச்சமாகத் தரும், மற்றதெல்லாம் சூடு. எல்.இ.டி.யே போடட்டும். கரண்டியைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போய், வீசிப் பார்த்துவிட்டு வாங்கட்டும். ஒரே கம்பியில் எல்லா வரிசையையும் தொங்கவிடாமல், மின்சாரம் வருகிற மூன்று பேஸுக்கும் பிரித்துப் போடச் சொல்லுங்கள், ஒன்று மங்குகிற நேரம் மற்றது எரியும். இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அடுப்பு என்று சொன்னேன். அந்த அடுப்பு வேண்டியிருந்த நாள் ஒன்று உண்டு. இதுவரை சொன்னது உங்களுக்கு. இனிமேல் வருவதை அவளை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். "இதையும் எழுதவா?" என்று தையல்காரர் கேட்கிறார். மடிக்காமல் எழுதும் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த வியாழனுக்கு முதல் நாள், புதன்கிழமை மத்தியானம் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதம். ஆஸ்பத்திரியில் சூட்டுப்பெட்டி இரண்டுதான். ஒவ்வொன்றிலும் ஏற்கனவே இரண்டு குழந்தை கிடந்தது. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, மூணு வாரத்துக்கு சூடு குறையாமப் பாத்துக்கணும்" என்றார் டாக்டர். "உழக்குல போட்டா உழக்கு நிறையாது" என்று சொல்லிக்கொண்டே மருத்துவச்சி துணியில் சுற்றிக் கொடுத்தாள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

டியூப் லைட் வந்த மரப்பெட்டி ஒன்றில் வைக்கோலும் பஞ்சும் போட்டு வைத்தோம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் வீட்டில் ஒரு மஞ்சள் பல்பு கிடையாது. நான்தான் கழட்டியிருந்தேன். மிச்சம் பிடிக்கிறேன் என்று வீடு முழுக்க டியூப். அது போதாதென்று தொழிற்சாலை கொடுத்த எங்கள் வீட்டு வரிசையில் இருந்த பதினோரு வீட்டுக்கும் நானே டியூப் மாட்டி, பழைய பல்பையெல்லாம் கூடையில் போட்டுக் கொண்டுபோய்த் தொழிற்சாலை ஸ்டோரில் கொடுத்துப் பாராட்டும் வாங்கியிருந்தேன். டியூப்பில் கையை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. குழந்தையின் கால் அதைவிடச் சில்லென்று இருந்தது. ஆறு மணி ஆகிவிட்டது, கடை இல்லை. ஸ்டோர்க்காரர் பூட்டிவிட்டுப் படகேறிப் போய்விட்டார்.

தொழிற்சாலைக்கு ஓடினேன். ஏழு லேத், ஏழு வளையப் பல்பு. எல்லாம் நூறு வாட். நான் உங்களுடையதைக் கழட்டினேன், மச்சான். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, நாளைக்கு இவர் எங்கே வேலைக்கு வரப்போகிறார், மற்ற ஆறு லேத்துக்கும் ஆள் வருமே என்று யோசித்துத்தான் கழட்டினேன். ஒன்பது மணிக்கு ஸ்டோர் திறந்ததும் வேறு பல்பு வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் படகு தாமதம். ஒன்பதே காலுக்கு நான் பூட்டின ஸ்டோர் வாசலில் சீட்டை வைத்துக்கொண்டு நின்றேன். பாதியில் நின்ற ஒரு தண்டைக் கடைந்து முடித்தால்தான் லீவு என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அதை அவசர அவசரமாக முடித்துவிட்டுக் குழந்தையைப் பார்க்கப் போகலாம் என்று நீங்கள் எட்டரைக்கே வந்துவிட்டீர்கள். அது எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

விசாரணையில் சொன்னது நான் அறியாமல் சொன்னது இல்லை. படிக்கத் தெரியாதவன், என்ன எழுதினார்களோ என்று சொல்லி இப்போது தப்பித்துக்கொள்ளலாம். இரண்டு தரம் உரக்கப் படித்துக் காட்டினார்கள். தெரிந்துதான் கட்டைவிரலை வைத்தேன். வேலை போய்விடும், வீடு போய்விடும், பல்பும் போய்விடும் என்ற பயம். குழந்தைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தை இருபத்திரண்டாம் நாளே பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டாள். அன்றைக்காவது போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு இத்தனை வருஷம் பேசாமல் இருந்தது யாருக்காக? எனக்காக. வேறு யாருக்காகவும் இல்லை.

காகிதத்தைப் படித்துவிட்டு அவள் பஸ் ஏறினபோது, அவள் எங்கே போகிறாளோ அங்கே போவதுதான் நியாயம் என்று நினைத்தேன். இதையும் அவளிடம் சொல்லுங்கள். அவள் மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. வருவதும் வராததும் அவள் இஷ்டம். கதவு தாழ் போடாமல்தான் இருக்கிறது.

அந்த அறையில் அந்தப் பல்பு முதலில் எரிந்தபோது யார் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கு விடியற்காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது என் அம்மா. பாலம் திறந்த மறு வருஷம் போய்விட்டாள். எங்களோடு வீடு வரை வந்த மருத்துவச்சி, பேத்தி வீட்டுக்குப் போன இடத்தில். பஞ்சு கொண்டுவந்து கொடுத்த மாடிவீட்டுக் கடிகாரக்காரர் மனைவி, காய்ச்சலில். பெட்டி ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு, சூடு ஏறுகிறது, ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்த உங்கள் தங்கச்சி, ஆறு வருஷத்துக்கு முன்னால். நான் இருந்தும் கணக்கில்லை, என்னைத் தள்ளிவிடுங்கள். மிச்சம் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள், மச்சான். இப்போது உங்கள் எதிரில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள். உழக்கு.